மார்போடு கட்டிய பத்துக் குப்பிகள்

"எதைத்தான் நான் காப்பாத்தியிருக்கணும், சொல்லுங்கம்மா" என்று கேட்டபடியே தர்கே மருத்துவமனை வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐம்பது வயது ஆள். கோவேறு கழுதை ஓட்டிப் பிழைத்தவர். மூன்று குளிர்காலமாகப் பிக்குணி யாங்சென்னிடம் வைத்தியம் பழகுகிறார். குருவுக்கு வயது குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு.

போர் அந்த மலைநாட்டை இரண்டாகக் கிழித்துப் போட்டிருந்தது. மருந்து கணவாய்க்கு அந்தப் பக்கம், காயம்பட்டவர்கள் இந்தப் பக்கம், நடுவில் பனி. சண்டையை ஆரம்பித்த மகராசர்கள் யாரும் அந்த வழியில் நடக்க வேண்டியிருக்கவில்லை.

ஊசி மருந்து உறைந்தால் குப்பி வெடித்துவிடும். அதனால் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி, மேலே கம்பளி அங்கியைப் போர்த்தி, உடம்புச் சூட்டில்தான் கொண்டுவருவார்கள். இருவரும் சேர்ந்து நடப்பதில்லை. குண்டு விழுந்தால் ஒருவராவது வந்து சேர வேண்டுமே. யாங்சென் முன்னால், ஒரு மணி நேரம் கழித்துத் தர்கே. ஆளுக்குப் பத்துக் குப்பி.

வழியில் எதற்காகவும் அங்கியைத் திறக்கக் கூடாது. விதி என்று இருந்தது அது ஒன்றுதான்.

"திறந்துட்டேன்மா."

"எதுக்கு?"

"உடைஞ்ச பாலத்துக்கிட்ட ஒரு பெண் குழந்தை. மூணு வயசு இருக்கும். பக்கத்துல அம்மா செத்துக் கிடக்கா. குழந்தைக்கு உதடெல்லாம் நீலம். அங்கிக்குள்ள ரெண்டுக்கும் இடம் இல்ல. குப்பிகளைத் துணியில சுத்திப் பையில போட்டேன். தாங்கும்னு நினைச்சேன். குழந்தையை மாரோட கட்டிக்கிட்டேன்."

"குழந்தை எங்கே?"

தர்கே அங்கியைத் திறந்தார்.

யாங்சென் அதன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டார்.

"கடைசி ஏத்தத்துலயே மூச்சு நின்னுடுச்சு. தெரியும்மா. இறக்கி வைக்கத்தான் மனசு வரல."

தர்கே பையைக் கவிழ்த்தார். கண்ணாடிச் சில்லுகள் விழுந்தன.

உள்ளே, யாங்சென் கொண்டுவந்த பத்தையும் பத்துப் பேருக்குப் போட்டாயிற்று. எதிர்ச் சுவரோரம் இன்னும் பத்துப் பேர் கிடந்தார்கள், இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் கலந்து. காலையிலிருந்து அவர்கள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தர்கேயைக் கண்டதும் ஒருவன் தானாகவே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டான்.

தர்கேயால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. அழுகைகூட வரவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

"குழந்தையும் போச்சு, மருந்தும் போச்சு. என்னைத் துரத்திவிட்டுடுங்கம்மா. நீங்களா இருந்தா நேரா நடந்து வந்திருப்பீங்க."

"நேராத்தான் நடந்து வந்தேன்."

தர்கே நிமிர்ந்தார். அதே வழி. அதே பாலம்.

"நீங்க வந்தப்போ அது முழிச்சுக்கிட்டு இருந்துதா?"

"என் அங்கியைப் பிடிச்சுக்கிட்டா."

"என்ன செஞ்சீங்க?"

யாங்சென் குழந்தையை அவரிடமிருந்து தன் மடிக்கு வாங்கிக்கொண்டார்.

"விரலைப் பிரிச்சுவிட்டேன். பின்னால ஒருத்தர் வர்றார், அவர் நிப்பார்னு சொல்லிட்டு வந்தேன்."