மூன்று மழை தாங்குமா?

ஒரு காட்டின் ஓரத்தில் காட்டெலிகள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. அவற்றின் வளைகளுக்கு முன்னால் ஒரு வெட்டவெளிப் பாறை. பாறையைத் தாண்டினால் காட்டுச்சாமை விளையும் புல்வெளி.

சாமைக்குக் குறைவில்லை. ஆனால் பாறைக்கு மேலே எப்போதும் ஒரு கழுகு வட்டமிட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கோடையிலும் தானியம் எடுக்கப் போன எலிகளில் சில திரும்பி வருவதில்லை. போன கோடையில் கூர்மூக்கன் என்ற எலியின் அண்ணன் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து கூர்மூக்கனுக்கு ஒரே யோசனைதான். பாறையைச் சுற்றிக்கொண்டு, ஓடைக்கரை வழியாக, மண்ணுக்கு அடியில் ஒரு சுரங்கம் தோண்ட வேண்டும்! பல நாள் யோசித்துக் கணக்குப் போட்டான். பிறகு கூட்டத்தைக் கூட்டினான்.

"சேமிப்பில் அறுபது பொந்து தானியம் இருக்கிறது. நாற்பது நாள் தோண்ட வேண்டும். தோண்டுகிறவர்கள் இரை தேடப் போக முடியாது. ஆகவே நாளுக்கு ஒரு பொந்து வீதம் நாற்பது பொந்து செலவு" என்றான் கூர்மூக்கன். "சுரங்கம் வந்துவிட்டால் கோடைக்கு இருபது பொந்து கூடுதலாகக் கிடைக்கும். சுரங்கம் மூன்று மழை தாங்கும். அதனால் மூன்று கோடைக்கும் கிடைக்கும்!"

"அப்படியானால் அறுபது! இருபது பொந்து லாபம்!" என்று கத்தினான் கூட்டத்தில் இருந்த தொந்தியன் என்ற எலி.

"அவசரப்படாதே! இன்று கையில் இருக்கும் இருபதுக்கு அடுத்த வருஷத்து இருபது ஈடாகாது. அதற்குள் யார் இருப்போம், எது நடக்கும், யாருக்குத் தெரியும்? அதனால் வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தள்ளிவிட்டேன். முதல் கோடைக்குப் பதினெட்டு, அடுத்ததற்குப் பதினாறு, அதற்கடுத்ததற்குப் பதினான்கு. மொத்தம் நாற்பத்தெட்டு. செலவு போக எட்டுப் பொந்து மிச்சம்!"

எலிகள் ஆரவாரம் செய்தன. கூர்மூக்கனுக்குப் பெருமையில் மீசை துடித்தது.

"மழை பொய்த்துவிட்டால்?" என்று தொந்தியன் திடீரென்று கேட்டான். அவ்வளவுதான், சண்டை மூண்டது. "மழை பொய்க்கும்!" என்றது பாதிக் கூட்டம். "பொய்க்காது!" என்றது மீதி. அரைப் பகல் அதிலேயே கழிந்தது.

அப்போது தவிட்டி எழுந்தாள். இறந்துபோன அண்ணனின் மனைவி அவள். சேமிப்புப் பொந்துகளைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான்.

"கொழுந்தனாரே, உங்கள் கணக்கில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா?" என்றாள்.

"பாருங்கள் மதினி!"

தவிட்டி பொந்துக்கு ஒன்றாகத் தரையில் கூழாங்கற்களைப் பரப்பினாள். "மழை குறைந்து, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தெட்டு, நாற்பத்துமூன்று ஆகும். அப்போதும் மூன்று மிச்சம்."

"அதைத்தானே நானும் சொல்கிறேன்!"

"சரி, விளைச்சல் பழையபடி இருக்கட்டும். தோண்டும் வேலை ஐந்து நாள் இழுத்துவிட்டது. அப்போதும் மூன்று மிச்சம்." அவள் அந்தக் கற்களையும் பழையபடி வைத்தாள். பிறகு கடைசிக் கோடைக்கான பதினான்கு கற்களை மட்டும் ஒதுக்கினாள். "சுரங்கம் மூன்று மழை தாங்காமல் இரண்டோடு இடிந்துவிட்டால்?"

எலிகள் கற்களை எண்ணின. மிச்சம் முப்பத்துநான்கு கற்கள். செலவோ நாற்பது.

"ஆறு நட்டம்" என்றாள் தவிட்டி. "நாம் மழையைப் பற்றியே சண்டை போட்டோம். மழை கொஞ்சம் குறைந்தால் தாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு மழை முன்னதாகச் சுரங்கம் இடிந்தால் தாங்க முடியாது. மூன்று மழை தாங்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

"அப்பா தோண்டிய வளை மூன்று மழை தாங்கியதே!"

"அது இங்கே, செம்மண்ணில். ஓடைக்கரையில் என்ன மண்? தோண்டிப் பார்த்தீர்களா?"

கூர்மூக்கன் பார்க்கவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவனுக்குக் கோபம் பொங்கியது.

"அண்ணனை அதற்குள் மறந்துவிட்டீர்களா மதினி? கழுகு இன்னும் நாலு பேரைத் தூக்கிக்கொண்டு போனால்தான் உங்கள் மனசு ஆறுமா?"

 தவிட்டி கூழாங்கற்களைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சுரங்கம் வேண்டாம் என்று நான் சொன்னேனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் வளைக்குள் போய்விட்டாள்.

கழுகை நினைத்து எலிகள் கூர்மூக்கன் பக்கம்தான் சாய்ந்தன. "நாளை காலையில் தோண்டத் தொடங்குவோம்!" என்று முடிவு செய்துவிட்டுக் கலைந்தன.

ஆனால் கூர்மூக்கனால் சும்மா உட்கார முடியவில்லை. மதினியிடம் சொன்ன சொல் அவனையே குத்தியது. மண் கெட்டி என்று காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான். புதர் புதராக ஒளிந்து ஓடைக்கரைக்குப் போய்த் தோண்டினான்.

ஒரு சாண் வரை கெட்டி மண். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் ஒரு சாண் உள்ளே போனான். அங்கே மணல். பொலபொலவென்று உதிரும் மணல். திரும்புவதற்குள் அது மொத்தமாகச் சரிந்து அவனை மூடியது. கண்ணில் மணல், மூக்கில் மணல். மூச்சு முட்டியது. காலை உதறி, வாலை உதறி, எப்படியோ வெளியே வந்து விழுந்தான்.

மூச்சு வாங்கியபடியே வெகுநேரம் கிடந்தான். மூன்று மழை எங்கே? ஒரு மழையே தாங்காது! யாரும் அவனைப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் நாளைக்கு வேலை தொடங்கிவிடும், சுரங்கமும் அவன் பெயரிலேயே நிற்கும். எத்தனை நாள் நிற்கும்? உள்ளே யார் இருக்கும்போது இடியும்? அதை நினைத்ததும் எழுந்து நடந்தான்.

உடம்பெல்லாம் மணலோடு அவன் தவிட்டியின் வளை வாசலில் போய் நின்றான்.

"மணல் மதினி. எல்லாம் மணல்" என்றான். "நான் பேசியதும் தப்பு."

"அடிபட்டதா?" என்று கேட்டாள் தவிட்டி.

"இல்லை."

"அப்படியானால் வாருங்கள், வேறு வழி பார்ப்போம். சுரங்கம் எனக்கும் வேண்டும்."

மறுநாள் கூட்டத்துக்கு முன்னால் கூர்மூக்கன் நடந்ததை மறைக்காமல் சொன்னான். சில எலிகள் சிரித்தன. அவன் பொறுத்துக்கொண்டான். பிறகு அவனும் தவிட்டியும் இடம் இடமாக மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். மேற்கே, கரையான் புற்றுகளின் பக்கம், களிமண் இறுகிக் கிடந்தது. அங்கே ஒரு பழைய வளை ஐந்து மழை கண்டும் இடியாமல் இருந்தது. ஆனால் வழி சுற்று. ஐம்பது நாள் ஆகும்.

"ஐம்பது பொந்து செலவா!" என்று அலறினான் தொந்தியன்.

"முன்போலப் பங்கு தள்ளிப் பார்த்தாலும் ஐந்து கோடைக்கு எழுபது வரும். நான்கு மழையோடு இடிந்தாலும் நட்டமில்லை. மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டோம்!" என்றான் கூர்மூக்கன்.

எலிகள் தோண்டின. வேலை இரண்டு நாள் இழுத்தது. முதல் வருஷம் மழையும் குறைந்து, பதினேழு பொந்துதான் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் சுரங்கம் நின்றது. அந்தக் கோடையில் சாமை எடுக்கப் போன எலிகள் அத்தனையும் வீடு திரும்பின. வாசலில் நின்று ஒவ்வொருவராக எண்ணிய தவிட்டி, கடைசியாகக் கூர்மூக்கன் வந்ததும்தான் உள்ளே போனாள்.

பெரிய காரியத்தில் இறங்கும் முன், நம் கணக்கில் எந்த ஒரு நம்பிக்கை பொய்த்தால் எல்லாமே பாழாகுமோ, அதைக் கண்டுபிடித்து முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.