போயிட்டு வரேன்

அழகேசன் அமெரிக்கப் பட்டாளத்தில் கேப்டன். அப்பா அம்மா திருவையாற்றுக்காரர்கள். எங்கள் மடத்துத் தம்பிரானின் சீடன், லீவு கிடைத்தால் வந்துவிடுவான். இந்த முறை வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னப்பா, இலையோட சண்டையா?" என்றார் தம்பிரான். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவன் சிரிக்கவில்லை.

"மறுபடி அதே நாட்டுக்குப் போக உத்தரவு வந்திருக்கு சாமி. மறுத்தா ஜெயில். கொடுங்கோலன்கிட்டேருந்து அவங்களை விடுவிக்கத்தான் போனோம். பள்ளிக்கூடம் கட்டினோம், ரோடு போட்டோம். அப்புறமும் ஏன் எங்களைக் கண்டா நடுங்கறாங்க?"

"யார் நடுங்கினது?"

"ஒரு அம்மா. எதிரி ஒளிஞ்சிருக்கான்னு தகவல். கதவை உடைச்சு உள்ளே போனோம். அவங்க மகன் படுக்கையிலேருந்து எழுந்தான். எங்க ஆள் சுட்டுட்டான். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது வேற வீடு."

தம்பிரான் கையை உதறிவிட்டு இலையை மூடினார்.

"மன்னிப்புக் கேட்டேன் சாமி. கிளம்பறப்போ நம்ம வீட்டுப் பழக்கத்துல, அவங்க பாஷையிலேயே 'போயிட்டு வரேம்மா'ன்னு சொல்லிட்டேன். வெறுமனே 'போறேன்'னு சொன்னா எங்கம்மா வாயிலேயே போடுவாங்க. அந்த அம்மா, மிச்சமிருந்த பெண் குழந்தையைப் பின்னாடி தள்ளி மறைச்சுக்கிட்டு, 'வராதே, வராதே'ன்னு என் காலைப் பிடிச்சுட்டாங்க."

அட பாவி! எழவு வீட்டில் போய் இதையா சொல்வது?

"முதல்ல உங்களை அவங்க கூப்பிட்டாங்களா?" என்றார் தம்பிரான்.

"இல்லை. எங்க சர்க்கார் அனுப்பிச்சுது. அவங்க நல்லதுக்குன்னு."

"நல்லது எதுன்னு அவங்களைக் கேட்டீங்களா?"

அழகேசனும் இலையை மூடிவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலை டாக்ஸி வந்தது. அவன் தம்பிரான் காலில் விழுந்து எழுந்தான்.

"போயிட்டு வரேன் சாமி."

யார் அப்படிச் சொன்னாலும் தம்பிரான் விபூதி பூசி, "போயிட்டு வா" என்பார். அன்று விபூதி மட்டும் பூசினார்.

"சாமி, ஒரு வார்த்தை சொல்லுங்க. அது இல்லாம எப்படிக் கிளம்புவேன்?"

தம்பிரான் அவன் தோளில் கை வைத்தார்.

"இது என் வாசல். இங்கே எப்ப வேணாலும் வா. இப்ப நீ போறது அந்த அம்மா வாசலுக்கு. 'வா'ன்னு அவங்கல்ல சொல்லணும்?"