ஒரு மணி வெயிலில் திறப்பு விழா

மேடவாக்கத்து அடுக்ககம் ஒன்றின் சங்கத் தலைவர் தணிகாசலத்துக்குப் புது விதி போடுவதில் ஆசை. அதைத் திறந்து வைப்பதில் இன்னும் ஆசை.

கத்திரி வெயிலில் அவர் ஒரு விதி போட்டார். காலையும் மாலையும் மனிதர்கள் நடப்பார்கள், நாய்கள் இனி மதியம் ஒரு மணிக்குத்தான் நடக்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களின் நாய்களை நடக்கக் கூட்டிப்போகும் செண்பகம் பதறினாள். "சார், அந்நேரம் தரை கொதிக்குமே. பாவம், கால் வெந்துடும்."

"நாய்க்கெல்லாம் சுடாதும்மா. இஷ்டமில்லன்னா நின்னுக்கோ, வேற ஆள் பார்த்துக்கறோம்."

செண்பகம் கொஞ்சம் யோசித்தாள். "சரிங்க சார். ஆனா நீங்க தேங்காய் உடைச்சு ஆரம்பிச்சு வெச்சாத்தான் விளங்கும்."

தலைவருக்கு முகம் மலர்ந்தது. மறுநாள் ஒரு மணிக்குப் பட்டுச் சட்டையில் வந்தார். எல்லாரும் பால்கனியிலிருந்து பார்த்தார்கள். நாய்கள் வேப்பமர நிழலை விட்டு அசையவில்லை. செண்பகமோ ஓரத்துப் புல்வெளியில் நின்றுகொண்டு, நடைபாதையின் நடுவே, நல்ல வெயிலில், தாம்பாளம் வைத்திருந்தாள்.

"சாமி காரியம் சார். செருப்பைப் படியிலேயே விட்டுட்டு வாங்க."

விட்டுவிட்டுக் கம்பீரமாக நடந்து வந்தார். பாதி வழியில் நடை ஓட்டமானது. தாம்பாளத்தருகே கால் மாற்றிக் கால் தூக்கினார்.

"பொறுங்க சார், கற்பூரம் ஏத்திக்கறேன்."

"ஐயோ, கால் போச்சே!" என்று புல்வெளிக்குத் தாவினார் தலைவர்.

மாடியிலிருந்து ஒருவர் கேட்டார்: "தலைவரே, விதி இன்னையிலேர்ந்தா?"

"நாய்ங்க காலையில ஆறு மணிக்கே போகட்டும்! செண்பகம், முதல்ல என் செருப்பைக் கொண்டா!"

செண்பகம் போனாள். கொஞ்சம் மெதுவாகத்தான் போனாள்.