கிளிஞ்சல்துறையில் எல்லாம் நிறைஞ்சிருக்கு

ஐப்பசி பிறக்கப் போகிறது என்றாலே மாடப்பொழில் ராஜா கண்டராயருக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். தலைநகரை ஒட்டிக் கடலோரத்தில் இருந்த கிளிஞ்சல்துறைக்கு ஒரே ஒரு பாலம். போன வருஷ மழையில் அது உடைந்து, அந்த ஜனங்கள் இருபது நாள் வெறும் கருவாட்டைத் தின்று உயிர் பிழைத்தார்கள். இந்தத் தடவையும் பாலம் போனால் வெளி உதவி இல்லாமல் நாற்பது நாள் தாக்குப்பிடிப்பார்களா? பார்த்து வரச் சொல்லிப் பெரிய மந்திரி அனந்தராயரை அனுப்பினார். குறை இருந்தால் கொடுக்க ஐம்பது வண்டி அரிசி தயாராக நின்றது.

மந்திரிக்கு அந்த அரிசி மேல் ஒரு கண். அதைத் தன் மாப்பிள்ளை ஊர்த் திருவிழாவுக்கு அனுப்பிப் பெயர் வாங்க ஆசை. ஒரு வெள்ளிக்கிழமை போனார். பல்லக்கை விட்டு இறங்கவே இல்லை. வாசல் வாசலாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"நல்ல தண்ணீர்க் கிணறு பதினெட்டு. வெள்ளம் ஏறாத மேடு இரண்டு. அரிசியும் பருப்பும் எந்த வீட்டில் கேட்டாலும் நிறைஞ்சிருக்கு என்கிறார்கள். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜாவுக்கு நிம்மதி. மந்திரி கேட்டுக்கொண்டபடி வண்டிகளை அவர் மாப்பிள்ளை ஊருக்கே திருப்பச் சொன்னார். அப்போது மாசிலாமணி எழுந்தான். வாய்த்துடுக்குக்குப் பேர்போன சபைப் புலவன்.

"மகாராஜா, அந்த ஜனங்கள் பட்டினி கிடக்கப் போகிறார்கள்."

"மந்திரி சொன்னதில் எது பொய்?"

"ஒன்றுகூட இல்லை. அத்தனையும் உண்மை. அதுதான் பயமாக இருக்கிறது."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மந்திரியின் ஒரு சொல்லைக்கூட மறுக்காமல், இன்று பொழுது சாய்வதற்குள் இதை நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு என்றார். மந்திரி மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மாசிலாமணி நேராக ராணியைப் பார்க்கப் போனான். ஏதோ பேசினான். ராணி சிரித்த சிரிப்பு கொல்லை வரை கேட்டதாம்.

சற்று நேரத்தில் ராணியின் தோழி சபைக்கு வந்து, சமையல்கட்டில் அரிசி, பருப்பு எல்லாம் நிறைஞ்சிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். ராஜா குஷியாகி மந்திரியையும் மாசிலாமணியையும் சாப்பிட அழைத்தார்.

இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்தேயிருந்தார்கள். ஒரு பருக்கை வரவில்லை. பசி தாங்காத ராஜா ராணியைக் கூப்பிட்டு, சோறு எங்கே என்று கேட்டார்.

"அரிசி தீர்ந்துபோச்சுன்னு அப்பவே சொல்லியனுப்பினேனே."

"நிறைஞ்சிருக்கு என்றல்லவா சொன்னாள்?"

"அதேதாங்க. அரிசி தீர்ந்தா எந்தப் பொம்பளையாவது 'இல்லை'ன்னு வாய்விட்டுச் சொல்லுவாளா? வீட்டுக்கு ஆகாதே. அதுவும் மந்திரி போய் நின்னது வெள்ளிக்கிழமை. நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவா. வாங்கிட்டு வர்றவங்கதான் புரிஞ்சுக்கணும்."

ராஜா காலி இலையைப் பார்த்தார். கிளிஞ்சல்துறை அடுப்புகளெல்லாம் ஒரு கணம் அவர் கண்முன் வந்து நின்றன. அடுத்த கணம் இலை பறக்கச் சிரித்தார். ஐம்பது வண்டியும் அப்போதே பாலத்தைக் கடந்தன. ராஜாவின் முத்துமாலை மாசிலாமணியின் கழுத்துக்கு வந்தது.

சிரிப்பு அடங்கியதும் ராஜா மந்திரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மாசிலாமணி, இவருக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?"

மாசிலாமணி பயபக்தியோடு கைகட்டி நின்றான்.

"இலை போட்ட இடத்தில் இல்லைன்னு சொல்லலாமா, மகாராஜா? நிறைஞ்சிருக்கு."