ஊசி ஓட்டையில் விழுந்த படம்

தில்லைநாதனுக்கு அறுபது வயது. அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு.

பத்திரிகைக்கு விளையாட்டுப் படங்கள் எடுத்து ஓய்வு பெற்றவர் தில்லைநாதன். மட்டையில் பந்து படும் கணத்தை அவர் தவறவிட்டதில்லை என்று பெயர். குரு ஜெசிந்தா, காரைக்காலில் ஓர் இருட்டறை வைத்துக்கொண்டு பெரிய ஃபிலிம் கேமராக்களில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பவர்.

லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்கலாம் என்று முதல் நாளே அவர் சொன்னதும் தில்லைநாதன் கேட்டார்.

"லென்ஸ் இல்லாம படம் எப்படி விழும், டீச்சர்?"

ஜெசிந்தா குளிர்பான டப்பாவில் ஒரு தகட்டுத் துண்டு வெட்டினார். ஊசி முனையால் துளையிட்டு, உப்புத்தாளால் தேய்த்தார். முக்காலியில் நின்ற பெரிய மரக் கேமராவின் லென்ஸைக் கழற்றி, அந்த இடத்தில் தகட்டைப் பொருத்தினார். பின்னால் போய்க் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தார்.

"உள்ள பாருங்க, சார்."

தில்லைநாதன் தலையை நுழைத்தார். ஒரே இருட்டு. கண் பழகப் பழக, கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் ஏதோ அசைந்தது.

"டீச்சர்! தெரு தெரியுது! ஒருத்தர் தலைகீழா சைக்கிள்ல போறாரு!"

அன்று எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் படம் எடுத்தார். உள்ளங்கை அளவு நெகட்டிவை ஈரம் சொட்டச் சொட்டப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பக்கத்து சலூன்காரரிடம் நீட்டினார்.

"லென்ஸே கிடையாதுங்க! வெறும் ஊசி ஓட்டை!"

அடுத்த வாரம் மனைவி மங்கையர்க்கரசியையும் அழைத்து வந்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க சேர்ந்து இருக்கிற படம் ஒண்ணுகூட இல்ல, டீச்சர். எப்பவும் நான் கேமராவுக்குப் பின்னாலதானே. இன்னிக்கு எடுத்துடணும்."

"துளை மூடியை நான் திறந்து மூடட்டுமா, சார்?"

"வேண்டாம், வேண்டாம். முழுக்க நானே எடுக்கணும்."

ஜெசிந்தா தள்ளி நின்றுகொண்டார்.

ஆற்றங்கரையில் மேகம் மூடிய மாலை. வெளிச்சம் குறைவு என்பதால் துளையை நாலு நிமிடம் திறந்து வைக்க வேண்டும்; அதுவரை ஆடாமல் இருப்பதுதான் பதியும். மங்கையர்க்கரசி மரப் பெஞ்சில் உட்கார்ந்தார். தில்லைநாதன் மூடியை எடுத்துவிட்டு, ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அரசி, ஆடாதே."

"நான் ஆடலைங்க."

காற்று வீசியது. முக்காலி அசைகிறதோ? எழுந்து ஓடிப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். மேகம் விலகுவது போலிருந்தது. எழுந்துபோய் வானத்தைப் பார்த்தார். ஒரு நாய் கேமராவை மோப்பம் பிடிக்க வந்தது, அதை விரட்டினார். கைக்கடிகாரத்தைக் கேமரா மேலேயே வைத்துவிட்டது நினைவு வந்து மறுபடியும் ஓடினார்.

"இங்க வந்து உட்காருங்களேன்" என்றார் மங்கையர்க்கரசி, உதடு அசையாமல்.

"இதோ, இதோ. அருமையா வரப்போகுது பாரு!"

இருட்டறையில் ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து, அச்சுப் போட்டார்கள். சிவப்பு விளக்கின் கீழே மூவரும் தட்டைச் சுற்றி நின்றார்கள். மருந்தில் மிதந்த வெள்ளைத் தாளில் முதலில் மரங்கள் வந்தன. பிறகு பெஞ்சு. தில்லைநாதன் குனிந்து பார்த்தார். புடவை வந்தது. மடியில் கோத்த கைகள் வந்தன. முகம் வந்தது, நெற்றிப் பொட்டு வரைக்கும்.

"வருது! அரசி, நீ வர்ற!"

அவர் தன்னைத் தேடினார். தட்டை மெல்ல ஆட்டினார். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். மனைவியின் பக்கத்தில் பெஞ்சின் பலகைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. அவற்றின் மேல், யாரோ ஊதிவிட்ட புகை மாதிரி லேசாக என்னவோ.

"நான் நல்லா இருக்கேன்ல?" என்றார் மங்கையர்க்கரசி.

தில்லைநாதன் குருவின் பக்கம் திரும்பினார்.

"எங்க தப்பு பண்ணேன், டீச்சர்? துளை பெருசாயிடுச்சா? இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருக்கணுமா?"

ஜெசிந்தா தாளைக் கிடுக்கியால் தூக்கினார். அடுத்த தட்டுகளில் நிதானமாக அலசினார். தண்ணீர் வடிந்ததும் தில்லைநாதன் கையில் கொடுத்தார்.

"தப்பே இல்ல, சார். பெஞ்சுல இருந்தவங்க படத்துல விழுந்திருக்காங்க."