மஞ்சள் குடித்த ரேடியேட்டர்

லாரிக் கதைகளில் ஓட்டுநர் வருவார், கிளீனர் வருவார், வளைவில் நின்று கைகாட்டும் பேய்கூட வரும். லாரியின் சொந்தக்காரி மட்டும் வரவே மாட்டாள். ஆகவே நானே வந்துவிட்டேன். அழைப்புக்குக் காத்திருந்தால் என் வண்டி துருப்பிடித்துவிடும்.

அப்பா விட்டுப்போன அந்தப் பழைய லாரி, சங்ககிரியில் புக்கிங் ஆபீஸ் முற்றத்தில் நின்றது. ரேடியேட்டர் தண்ணீர் எங்கேயோ ஒழுகி, போன நடையில் எஞ்சின் கொதித்து வழியிலேயே படுத்துவிட்டது. இன்னொரு முறை ஒழுகினால் பழைய இரும்புக்கு எடைபோட்டுவிடுவதாக அண்ணன் அறிவித்துவிட்டார்; அதற்கான ஆளையும் அன்று மாலைக்கு வரச்சொல்லிவிட்டார். ஒழுகலை நானே சரிசெய்துவிட்டேன் என்றேன். லாரிகளுக்குச் சரக்கு பிடித்துத் தரும் புக்கிங்காரர் நல்லுசாமி வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தார்.

"டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் தாளு நனையாம இருந்தா, மஞ்ச லோடு உங்களுக்குத்தானுங்க டாக்டரம்மா. நனைஞ்சுதுன்னா, உங்கண்ணனுக்கு நானே போன் போட்டுருவேன்."

நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, தத்துவத்தில் முனைவர். இந்த வேறுபாடு எங்கள் ஊருக்கு விளங்குவதற்குள் பலர் என்னிடம் முழங்காலைக் காட்டிவிட்டார்கள்.

டீக்கடைப் பாவாயி கிளாஸ்களை நீட்டினார். என் ஓட்டுநர் செங்கோடன், மாமியார் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தவர், பையும் கையுமாக அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

"ஏனுங்கம்மா, நெசமாவே நீங்களா சரி பண்ணுனீங்க?"

கேட்காமல் இருந்திருக்கலாம்.

முதலில் காதால்தான் தேடினேன் என்றேன். வீட்டில் படுத்தபடியே இங்கே ஒரு சொட்டு விழுவதைக் கேட்டேன். அது நேற்று ஊற்றிய தண்ணீரா, இன்று ஊற்றியதா என்பதுகூடத் தெரிந்தது.

"டீ ஆறுதுன்னு நான் கத்துனா மட்டும் அந்தக் காதுக்குக் கேக்கறதில்ல" என்றார் பாவாயி.

ஒழுகும் இடம் தெரிய வேண்டுமானால் நிறைய ஊற்ற வேண்டுமே! பள்ளிபாளையம் பாலத்திலிருந்து காவிரிக்குள் குழாயை விட்டேன். ரேடியேட்டர் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. ஆற்றின் நடுவே பாறை தெரிந்தது. பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனார்.

"வண்டி இங்கியேதானுங்களே நின்னுச்சு?"

"குழாய் கொஞ்சம் நீளம், செங்கோடண்ணா."

ஓட்டையை அடைக்க ஓட்டுநர்கள் ரேடியேட்டரில் ஒரு கைப்பிடி மஞ்சள் தூள் போடுவது வழக்கம். நான் படித்தவள் அல்லவா, கைப்பிடி என்றால் யாருடைய கை என்ற ஐயம் எழுந்தது; மூட்டையாகக் கொட்டிவிட்டேன். கிளம்பியது பாருங்கள் மஞ்சள் ஆவி! சங்ககிரிக் கோட்டையே மறைந்தது. நெடுஞ்சாலையில் போன வேட்டிகள் எல்லாம் மஞ்சளாயின. மாப்பிள்ளை ஊர்வலம் என்றெண்ணி யாரோ மேளக்காரரைக் கூட்டிவந்தார்கள். பொழுது சாய்வதற்குள் டோல்கேட்டில் நின்ற பிரம்மச்சாரிகள் அத்தனை பேருக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது.

"உங்களுக்கு மட்டும் ஆகலீங்களாக்கும்?" என்றார் பாவாயி.

"நான் ரேடியேட்டருக்குள்ள இருந்தேன், அக்கா."

மூடி வழியாகத்தான் இறங்கினேன். கொண்டை மட்டும் சற்று மாட்டியது. உள்ளே காவிரிக் கெண்டைகள் திக்குத் தெரியாமல் திரிந்தன. அவை ஒவ்வொன்றாக எங்கே மறைந்தனவோ, அங்கேதான் ஓட்டை. அடைக்கக் கையில் எதுவும் இல்லை, என் ஆய்வேட்டைத் தவிர. அதையே திணித்தேன். அதைப் படித்த எவருக்குள்ளும் இதுவரை ஒரு சொட்டும் இறங்கியதில்லை. தண்ணீர் மட்டும் எப்படி இறங்கும்?

நல்லுசாமி கடைசி வாய் டீயைக் குடித்துவிட்டுக் குனிந்து தாளைத் தடவினார். "காஞ்சுதானுங்க கெடக்குது!"

என் தலை கோட்டைக்கு மேலே போய்விட்டது. உண்மையில், ரேடியேட்டரின் அடியில் மாட்டிய ரப்பர் குழாய் வெடித்திருந்தது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக் கிளிப்பை முடுக்கியிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் அதை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

செங்கோடன் மட்டும் முன்பக்கம் போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"காவேரியவே குடிச்ச வண்டிங்கறீங்க. உள்ள பொட்டுத் தண்ணி இல்லீங்களேம்மா."

குழாயை மாற்றத் தண்ணீரை வடித்திருந்தேன். திரும்ப ஊற்றவில்லை.

சிரிப்பு அடங்க நேரமானது. பாவாயிதான் குடத்தைத் தூக்கி வந்து ஊற்றினார். பிறகு எல்லோரும் வண்டிக்கடியில் குந்தினோம், நான் உட்பட. யாரும் பேசவில்லை, வாழ்க்கையில் முதன்முறையாக நானும் பேசவில்லை. தாள் நனையவே இல்லை.

மஞ்சள் லோடு கிடைத்தது. அண்ணன் பழைய இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பினார். கதைகளில் வராத அந்தச் சொந்தக்காரி அதன்பின் என்ன ஆனாள் என்றால், இன்றும் சங்ககிரியில்தான் இருக்கிறாள், அதே லாரியோடு. ஒவ்வொரு நடைக்கும் முன்னால் செங்கோடன் "தண்ணி?" என்கிறார். அவள் மூடியைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறாள்.