மனம் புண்பட்ட மண்டபம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், தாயக்கட்டை உருட்டுவதில் பித்துப் பிடித்த மகாராஜா ஒருவர் இருந்தார். அரண்மனைக்குப் பக்கத்திலேயே பெரிய ஆட்ட மண்டபம் கட்டி, யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். ஊரார் வந்தார்கள். வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டா ஆடுவார்கள்? தோற்றவன் ஜெயித்தவனை வைவான். ஜெயித்தவன் தோற்றவனின் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுப்பான். ஒரு நாள் அந்தக் கூச்சல் மகாராஜாவின் மத்தியானத் தூக்கத்தையே கெடுத்துவிட்டது.

எழுந்த கையோடு ஆணை போட்டார். "மண்டபத்தில் பிறர் மனம் புண்படப் பேசுகிறவன் எவனாயினும், அரசனே ஆயினும், ஓராண்டு வாயில் துணி கட்டித் திரிய வேண்டும்."

"எந்தெந்தச் சொல் கூடாது, மகாராஜா?" என்று கேட்டான் அரண்மனை விகடன் சடையாண்டி.

"அதெல்லாம் காதில் விழுந்தால் தெரிந்துவிடும். மகரபூஷணர் பார்த்துக்கொள்வார்."

மகரபூஷணர்தான் மண்டபத்துக்குக் கண்காணிப்பாளர். சடையாண்டி வாயைத் திறந்தாலே மகாராஜா சிரிக்கிறாரே என்று அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். இப்படியொரு ஆணை கையில் கிடைத்தால் மனுஷர் விடுவாரா? மறுநாளே, "வாரும் சடையாண்டி, ஒரு ஆட்டம் போடலாம்" என்று தேனொழுகக் கூப்பிட்டார்.

அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் காயை வெட்டினால் "வெட்டு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெட்டியது செல்லாது. சடையாண்டி வெட்டினான், வழக்கப்படி சொன்னான். மகரபூஷணர் சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, என் மனம் புண்பட்டுவிட்டது. எல்லோரும் சாட்சி."

சடையாண்டி முதலில் சிரித்தான். காவலர்கள் வந்து தோளைத் தொட்டபோதுதான் இது விளையாட்டில்லை என்று அவனுக்கு உறைத்தது. ஓராண்டு வாயைக் கட்டிவிட்டால் விகடனுக்கு வேறென்ன பிழைப்பு இருக்கிறது? அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

மகாராஜா விசாரித்தார். "புண்பட்டது உண்மைதானா?"

"இன்னும் வலிக்கிறது, மகாராஜா" என்றார் மகரபூஷணர்.

மகாராஜாவுக்கும் வருத்தம்தான். ஆனாலும் போட்ட ஆணையை எப்படி மாற்றுவது? "நாளைக் காலையில் துணியைக் கட்டுங்கள்" என்றார்.

"கட்டட்டும் மகாராஜா. அதுக்கு முன்னாடி தங்களோட ஒரே ஒரு ஆட்டம் ஆடிக்கிறேன். அப்புறம் ஒரு வருஷம் நான் ஊமைதானே?"

மகாராஜாவின் மனம் இளகிவிட்டது. அப்போதே கட்டத்தை விரித்தார்கள். சடையாண்டி தன் காயைக் கொண்டுபோய் மகாராஜாவின் காய்க்கு நேர் முன்னால் வைத்தான். மகாராஜா கட்டையை உருட்டினார், காயைத் தூக்கினார், "வெட்டு" என்று மண்டபம் அதிரச் சொன்னார்.

சடையாண்டி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"மனசு புண்பட்டுப் போச்சு, மகாராஜா. இன்னும் வலிக்குது."

மகாராஜா மெல்லத் திரும்பி, "மகரபூஷணரே, இதற்கு என்ன சொல்கிறீர்?" என்றார்.

மகரபூஷணர் வசமாக மாட்டிக்கொண்டார். குற்றம் என்றால் மகாராஜாவின் வாயைக் கட்ட வேண்டும். குற்றமில்லை என்றால் சடையாண்டியை விட்டுவிட வேண்டும்.

"அது... சொல்பவரைப் பொறுத்தது, மகாராஜா. தாங்கள் சொன்னால் விளையாட்டு. இவன் சொன்னால் வசவு."

"அதையும் ஆணையில் சேர்த்துடுங்க, மகாராஜா" என்றான் சடையாண்டி. "ஐயாவுக்குப் பிடிச்சவன் வைதாலும் விளையாட்டு, பிடிக்காதவன் இருமினாலும் வசவுன்னு எழுதிப்போட்டா, ஜனங்க வீட்டிலேயே வாயைக் கட்டிக்கிட்டு வந்துடுவாங்க. அரண்மனைக்குத் துணி மிச்சம்."

மகாராஜா அவனை ஒரு கணம் முறைத்துப் பார்த்தார். அப்புறம் சிரிக்கத் தொடங்கியவர், கட்டமும் காயும் சிதறும்படி உருண்டு உருண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

"தப்பு என்னுடையதுதான். எது கூடாது என்று சொல்லாமலே கூடாது என்றுவிட்டேன். மகரபூஷணரே, கூடாத வசவுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் ஓலையில் எழுதி மண்டபத்தில் மாட்டும்."

"எனக்கு வசவெல்லாம் தெரியாதே, மகாராஜா."

"ஊர்க்காரங்க வந்து சொல்வாங்க, ஐயா" என்றான் சடையாண்டி. "பட்டியலுக்காகச் சொன்னா குத்தமில்லையே, மகாராஜா?"

"இல்லவே இல்லை."

மறுநாள் நின்ற வரிசை கடைத்தெருவைத் தாண்டிப் போயிற்று. ஒவ்வொருவரும் மகரபூஷணரின் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, "எழுதிக்கிட்டீங்களா ஐயா, இன்னொரு தரம் சொல்லட்டுமா?" என்று அக்கறையாகக் கேட்டார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்.

வரிசையில் முதல் ஆளாக நின்றது யார் என்கிறீர்கள்? மகாராஜாவேதான். அவரிடம் மட்டும் பதினேழு இருந்ததாம்.